ஐரோப்பாவுக்குப் போன முழம்

மஞ்சணத்திவிளைக்காரர்களுக்கு மூளை கொஞ்சம் மட்டு என்று சுத்துப்பட்டு ஊர்களெல்லாம் சொல்லும். பொறாமை, வேறென்ன?

அந்த ஊர்ப் பூச்சங்கத்துக்கு ஆவுடையப்பன்தான் தலைவர். பிச்சிப்பூச் சரத்தை ஆளாளுக்கு முழம் போட்டால் சண்டை வருகிறது என்று, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை தலைவர் கைதான் அளவு என ஊரே ஒத்துக்கொண்டிருந்தது. மனுஷனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தேய்ந்துவிடும் என்று அந்தக் கையால் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்க மாட்டார்.

அப்போதுதான் பிரஸ்ஸல்ஸில் பூ வாங்கும் கடைக்காரர் போன் பண்ணினார். பெட்டிமேல் 'பத்து முழம்' என்று ஒட்டினால் ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்களாம். சென்டிமீட்டர் போடாவிட்டால் இனி பூவே வேண்டாமாம்.

"டேப்பை வச்சு அண்ணாச்சி கையை அளந்துட்டாப் போச்சு," என்றாள் பொருளாளர் பேச்சித்தாய்.

"டேப்பு சரின்னு யாரு கண்டா?" என்றார் செயலாளர் சுடலைக்கண்ணு.

நியாயமான கேள்வி. தலைவர் கையால் டேப்பை அளந்தார்கள். மூன்று முழமும் கொஞ்சமும் வந்தது, நாலாவது முழத்துக்குக் காணவில்லை. மட்டமான டேப்பு என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐரோப்பாவின் சட்டத்தையே மாற்றிவிட மூவரும் விமானம் ஏறினார்கள்.

வழியெல்லாம் ஆவுடையப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். சென்டிமீட்டர் ஜெயித்துவிட்டால் ஊரில் இந்தக் கைக்கு என்ன மரியாதை?

பிரஸ்ஸல்ஸில் அவர்களுக்கு யோசனை சொல்லவும் பேச்சை மொழிபெயர்க்கவும் கடைக்காரர் அனுப்பிவைத்தவர் மைதிலி என்ற யாழ்ப்பாணத்துப் பெண். "அண்ணை, மூண்டு பேரும் ஒண்டையே சொல்லுங்கோ. ஆளுக்கொரு கதை கதைச்சா எடுபடாது. ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்காதேங்கோ, லஞ்சமெண்டு நினைப்பினம்."

மறுநாள் ஐரோப்பிய ஒன்றிய அலுவலக வாசலில் காவலாளி பாஸ்போர்ட்டைக் கேட்டான்.

"நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல," என்று சுடலைக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டார். மைதிலி கெஞ்சிக் கூத்தாடித்தான் உள்ளே கூட்டிப்போக முடிந்தது.

அளவு விவகாரத்தைப் பார்க்கும் அதிகாரியம்மா பெயர்களைக் கேட்டார்.

"ஆவுடையப்பன்," என்றார் ஆவுடையப்பன்.

"ஆவுடையப்பன்," என்றார் சுடலைக்கண்ணு.

"ஆவுடையப்பன்," என்றாள் பேச்சித்தாய்.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னதை மைதிலி தமிழில் சொன்னார்: "முழம் ஆளுக்காள் மாறுமாம். மாறாத மாதிரி ஒண்டை இங்கை வச்சிட்டுப் போனா, சோதிச்சுப் பாக்கலாமாம்."

மைதிலி விடைபெற்றுப் போனதும் வெளியே ஆலோசனை நடந்தது.

"கையை எப்படிவே கழட்டுறது?" ஆவுடையப்பன் பதறிப்போனார்.

"கழட்டாண்டாம் அண்ணாச்சி. ஆளோட சேத்து வச்சிட்டுப் போறோம்," என்றார் சுடலைக்கண்ணு.

"ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுச்சே அந்தப் பிள்ளை?"

"குடுக்கலியே, வைக்கத்தானே செய்யுதோம்," என்றாள் பேச்சித்தாய்.

ஆவுடையப்பன் வரவேற்பறை நாற்காலியில் கையை நீட்டியபடி உட்கார, மற்ற இருவரும் ஊர் திரும்பினார்கள். இறங்கிய கையோடு வீடியோவில் கூப்பிட்டார்கள்.

"அண்ணாச்சி, பூ குமிஞ்சு கெடக்கு, அளக்கக் கையில்ல. கொஞ்சம் காட்டுங்க."

அவர் போனை நாற்காலியில் சாய்த்துவைத்துக் கையை நீட்டிக் காட்டினார். ஊரில் போன்மேல் சரத்தை வைத்து அளந்தார்கள். பத்து முழமும் பேச்சித்தாயின் உள்ளங்கைக்குள் அடங்கிப்போனது.

"ஐயோ, கை சுருங்கிப்போச்சே அண்ணாச்சி!"

ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்த ஊர்க் குளிரு அப்படிவே! இருங்க, கிட்டக்கக் கொண்டாறேன்."

கொண்டுபோகப் போக முழம் வளர்ந்தது. "அப்படித்தான், அப்படித்தான்!" என்று இருவரும் குதித்தார்கள். அவரும் உற்சாகத்தில் இன்னும் நெருங்கினார்.

"அண்ணாச்சி, விரலைக் காணோம்! முழங்கையையும் காணோம்!"

"அங்கதாம்வே எங்கயாவது விழுந்திருக்கும், நல்லாத் தேடுங்க!"

இருவரும் போனை வைத்துவிட்டு மேசைக்கடியில் குனிந்தார்கள். பூக்குவியலைக் கிளறும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் கையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் தற்செயலாகக் குனிந்து தன் மடியைப் பார்த்தவர், வரவேற்பறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"தேடாதீங்கவே, கிடைச்சிட்டு! இங்கதான் விழுந்து கெடக்கு!"