குதிகாலைத் தூக்கி நின்றவள்

அந்தக் காலத்தில் பறவையும் நண்டும் மனிதரோடு பேசும். மனிதரும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அப்போது ஆறு கடலில் கலக்கிற இடத்தில், உப்பு விளைவித்துப் பிழைத்த ஊர் ஒன்று இருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் பாத்தி மிதித்தார்கள், சேர்ந்துதான் உப்பு வாரினார்கள். ஊருக்குள் எல்லாருக்கும் வெறுங்கால். குதிகால் மண்ணில் அழுந்த நடக்கிற ஒரே நடைதான் அவர்களுக்குத் தெரியும்.

ஊர் நடுவே, வழக்குப் பேசக் கூடுகிற அம்பலம் இருந்தது. அதன் முன்தூணில் ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் அம்பலத்தில் சின்னப் பிள்ளைகள் புகுந்து கூச்சல் போட்டார்களாம். தூணில் சாய்ந்து நின்றால் தலை கோட்டைத் தொட வேண்டும், தொட்டவர்தான் பேசலாம் என்று அன்றைய பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பெண்களைத் தடுக்க வேண்டும் என்று யாரும் அந்தக் கோட்டைப் போடவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கும் தலை அங்கே எட்டவில்லை. எட்டவில்லையே என்று யாரும் கோட்டை இறக்கவும் இல்லை.

அந்த ஊரில் வேம்பி என்று ஒருத்தி. பெண்களிலும் கட்டையானவள். அவள் புருஷன் காத்தான் ஐப்பசிப் புயலில் தோணியோடு போனவன், திரும்பி வரவில்லை. அவளுக்கு மிஞ்சியது ஒரு குடிசையும், கொஞ்சம் உப்புப் பாத்தியும், செவத்தி என்ற ஒரே மகளும்தான்.

தை பிறந்ததும் காத்தானின் அண்ணன் வீரணன் அக்கரையிலிருந்து வந்தான். ஒரு குலை வாழைப்பழத்தை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தான்.

"தாயி, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். தம்பி ரத்தம். உப்புத் தண்ணியில நின்னு அதுக்கும் காலு வெடிக்கணுமா? எங்க வீட்டுல அதுக்கு ஒரு குறையும் வராது."

"எனக்குக் குறை வருமே, அத்தான்."

வீரணன் தரையைப் பார்த்தான். "ஒனக்கு அண்ணன் தம்பி யாராச்சும் இருந்தா அம்பலத்துல வந்து பேசச் சொல்லு. இல்லாட்டி வர்ற பௌர்ணமிக் கூட்டத்துல நான் கேட்டு வாங்கிக்கிறேன். தப்பா நெனைக்காத."

அவன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டில் தொட்டில் கட்டிய கயிறு கட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பெற்ற இரண்டும் தங்கவில்லை. இது வேம்பிக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்குப் பயம் இன்னும் அதிகமாயிற்று. கெட்டவன் கேட்டால் ஊர் யோசிக்கும். நல்லவன் கேட்டால் கொடுத்துவிடும்.

அவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பக்கத்துப் பாத்திக்காரர்களிடம் போய் எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டாள். "குடும்பத்து விஷயத்துல நாங்க எப்படிம்மா வாய வைக்கிறது" என்றார் ஒருவர். இன்னொருவர், புள்ளைக்கு நல்லதுதானே என்றார். ஆளில்லாத மத்தியானத்தில் அம்பலத்துக்குப் போய்த் தூணில் சாய்ந்து நின்று பார்த்தாள். கோடு அவள் உச்சந்தலைக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது.

அங்கிருந்து நேரே கழிமுகத்துக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். ஆழமில்லாத நீரில் பவளக்கால் உள்ளான் என்ற பறவை ஒன்று இரை தேடிக்கொண்டிருந்தது. உடம்பு கைப்பிடி அளவுதான். கால் மட்டும் ரோஜா நிறத்தில் குச்சி குச்சியாக நீண்டிருக்கும்.

"ஏன் அழுவுற?" என்று உள்ளான் கேட்டது.

வேம்பி சொன்னாள். கேட்டுவிட்டு உள்ளான் ஒரு காலை நீரிலிருந்து தூக்கிக் காட்டியது.

"இங்க நடுவுல மடியுதே, இது என்னன்னு நெனைக்கிற?"

"முட்டி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இது என் குதிகால். ஒரு வருஷம் முட்டை வச்சிருந்த நேரத்துல வெள்ளம் ஏறிச்சு. கூட்டை விட்டு அசைய முடியல. குதிகாலைத் தூக்கி விரல்ல நின்னேன். தண்ணி ஏற ஏற நானும் தூக்கிக்கிட்டே இருந்தேன். நீயும் விரல்ல நில்லு. நாலு விரக்கடை என்ன, அதுக்கு மேலயே எட்டும்."

வேம்பி எழுந்து விரல்நுனியில் நின்றாள். ஊரே ஒரு சாண் இறங்கியது போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் நடுங்கி, தடுமாறி, பாத்திக்குள் இறங்கிவிட்டாள்.

"நிக்க முடியலையே, அக்கா. பேசி முடிக்கிற வரைக்குமாச்சும் நிக்கணுமே."

"அப்ப குதிகாலுக்குக் கீழ எதையாவது முட்டுக் குடு," என்றது உள்ளான். பிறகு சொன்னது: "ஒண்ணு சொல்லிடுறேன். என் எலும்பு உள்ளே வெறும் காத்து. ஒன் எலும்பு அப்படி இல்ல. குதிகாலு சுமக்காத பாரத்தை வேற எதாவது சுமந்துதான் ஆகணும். மொதல்ல விரலு, அப்புறம் முட்டி, அப்புறம் இடுப்பு. ஒவ்வொண்ணா ஒன்கிட்ட வந்து கேக்கும்."

"என் மக என்கிட்ட இருந்தா எது வேணா கேக்கட்டும்."

வேம்பி பூவரசங்கட்டை ஒன்றை எடுத்து, அரிவாளால் செதுக்கி, நாலு விரற்கடை உயரத்தில் இரண்டு முட்டுகள் செய்தாள். காத்தான் வெளியூர் போகும்போது மட்டும் போட்ட பழைய தோல்செருப்பைத் தன் அளவுக்கு வெட்டி, குதிகால் பக்கம் அந்த முட்டுகளை வைத்துத் தைத்து, பனைநாரால் கணுக்காலோடு கட்டிக்கொண்டாள். வரப்பு வரப்பாக நடந்து பழகினாள். கணுக்கால் பிசகிற்று. விரல் இடுக்கில் கொப்புளம் எழும்பி உடைந்தது. உப்புத் தண்ணீர் பட்டபோது உயிர் போய் வந்தது. வளையிலிருந்து எட்டிப் பார்த்த நண்டு ஒன்று, "நேரா நடக்கிறவங்களுக்கு இந்தக் கஷ்டம் எதுக்கு?" என்று கேட்டது. "எம் மகளுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு, வேம்பி விழுந்த இடத்திலிருந்து எழுந்து சேலையை உதறிக்கொண்டு மறுபடி நடந்தாள். செவத்தி மட்டும் அம்மாவின் நிழல் நீண்டு போனதைப் பார்த்துக் கை தட்டினாள்.

பௌர்ணமி அன்று காலை அம்பலம் கூடியது. வீரணன் எழுந்து தன் வேண்டுகோளைச் சொன்னான். நல்லபடியாகத்தான் சொன்னான். வயதானவர்கள் தலையாட்டினார்கள்.

"மறுத்துப் பேச யாராவது இருக்கீங்களா?" என்று வழக்கப்படி அம்பலக்காரர் கேட்டார்.

அப்போது கல்தரையில் டொக், டொக் என்று ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு காலடிச் சத்தத்தை அந்த ஊர் கேட்டதில்லை. எல்லாத் தலையும் திரும்பியது. வேம்பி நடந்து வந்து, தூணில் முதுகு சாய்த்து நின்றாள். கோடு அவள் உச்சந்தலையைத் தொட்டது.

கூட்டத்தில் சலசலப்பு. "தொட்டது அவ இல்லை, கட்டை," என்றான் ஒருவன். "செருப்பைக் கழட்டச் சொல்லுங்க," என்றான் இன்னொருவன்.

அம்பலக்காரர் எழுந்து அவள் எதிரே வந்தார். அவர் முகத்தை வேம்பி இதுவரை கீழே இருந்துதான் பார்த்திருக்கிறாள். தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். இன்றுதான் நேருக்கு நேர் பார்த்தாள். அவர் அவள் நினைத்த அளவு உயரம் இல்லை. நெற்றி எங்கே முடிகிறது, தலைப்பாகை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தது. தலைப்பாகையை எடுத்துவிட்டால் அவர் தலையும் கோட்டை எட்டாது.

"என்ன தாயி இது?" என்றார்.

வேம்பி மற்றவர்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னாள்.

"ஐயா, நீங்க தலைப்பாகையோடதான் இந்தத் தூண்ல நின்னு அளந்தீங்க. அதைத் தப்புன்னு நான் சொல்லல. தலைக்கு மேல வச்சது ஒங்க உயரம்னா, காலுக்குக் கீழ வச்சது என் உயரம்தானே?"

அம்பலக்காரர் கை தானாகத் தலைப்பாகையைத் தொட்டது. அவர் கண்ணில் கோபம் வருமோ என்று அவள் பார்த்தாள். வந்தது கோபம் இல்லை. தன்னைப் போல இன்னொரு ஆளைக் கண்டுபிடித்தவர் போலத் தெரிந்தார்.

"கோடு தொட்டிருக்கு," என்று திரும்பிக் கூட்டத்திடம் சொன்னார். "பேசட்டும்."

வேம்பி பேசினாள். அம்பலத்தில் எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். அப்பன் போனதிலிருந்து செவத்தி யாரிடமும் வாய் திறக்காமல் இருந்ததைச் சொன்னாள். இப்போதுதான் கூழ் வேண்டும், பூ வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அம்மா காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். தோணி ஏதாவது கரை தட்டினால் ஓடிப் போய்ப் பார்க்கிறாள். "அக்கரைக்குப் போனா எந்தக் கரையில நின்னு பாப்பா? ஒருத்தரைக் கடல் கொண்டு போச்சு. அது அவளுக்குப் புரியல. அம்மா ஏன் குடுத்துட்டான்னு எப்படிப் புரியும்?"

பேசப் பேச விரல்கள் தீயில் வைத்தது போல் எரிந்தன. வலி கெண்டைக்காலுக்கு ஏறி இடுப்பில் வந்து உட்கார்ந்தது. உள்ளான் சொன்னவை ஒவ்வொன்றாக வந்து கேட்கின்றன என்று அவளுக்குப் புரிந்தது. அவள் தூணைப் பிடிக்கவில்லை. பிடித்தால் இறங்கிவிடுவோம் என்று பயம்.

வீரணன்தான் முதலில் கவனித்தான். பனைநார் அறுத்த இடத்திலிருந்து ரத்தம் கசிந்து கல்தரையில் சொட்டியிருந்தது.

"தாயி, எறங்கி நில்லு," என்றான்.

"இன்னும் பேசி முடிக்கல, அத்தான்."

வீரணன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "புள்ள அவகிட்டயே இருக்கட்டும். நானும் எம் பொஞ்சாதியும் அப்பப்ப வந்து பாத்துக்கிறோம். வரலாம்ல, தாயி?"

"வாங்க அத்தான். அக்காவையும் கூட்டிட்டு வாங்க," என்றாள் வேம்பி. அப்போதுதான் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கே அம்பலக்காரர் கல்தச்சனை வரவழைத்துத் தூணில் இருந்த கோட்டைக் கொத்தி எடுக்கச் சொன்னார். இனி யார் வேண்டுமானாலும் பேசலாம். பெண்கள் குலவையிட்டார்கள். வேம்பி கட்டைச் செருப்பைப் பரணில் தூக்கிப் போட்டாள். கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு மூக்காயி என்ற பெண் போனாள். மழைநீர் தன் பாத்தியை அரிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடு இல்லை, யாரும் தடுக்கவில்லை. வெறுங்காலோடு தூணருகே நின்று பேசினாள். ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் அவள் தலைக்கு மேலாகவே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூக்காயி என்று ஒருத்தி பேசிவிட்டுப் போனதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தூணில் இருந்த கோட்டைத் தச்சன் எடுத்துவிட்டான். பார்க்கிறவர் கண்ணில் இருந்ததை எடுக்க அவனிடம் உளி இல்லை.

மூக்காயி வேம்பி வீட்டுக்கு வந்தாள்.

"அந்தக் கட்டைச் செருப்பைக் குடுக்கா."

வேம்பி தன் பாதத்தைக் காட்டினாள். சுண்டுவிரல் வளைந்து பக்கத்து விரல் மேல் ஏறியிருந்தது. "பாத்துக்க. சும்மா எட்டாது."

"ரொம்ப வலிக்குமா?"

"வலிக்கும். கழட்டின பெறகும் வலிக்கும்."

மூக்காயி குனிந்து அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "சரி, எடு," என்றாள். வேம்பி பரணுக்கு ஏறினாள். அடுத்த கூட்டத்தில் டொக், டொக் என்ற சத்தம் கேட்டதும் எல்லாத் தலையும் திரும்பியது. மூக்காயியின் பாத்திக்குக் கரை கட்டினார்கள்.

அதற்குப் பிறகு வேம்பிக்குச் செதுக்குகிற வேலை ஓயவில்லை. அம்பலத்துக்குப் போகிறவளுக்கு ஒரு ஜோடி, சந்தையில் விலை பேசப் போகிறவளுக்கு ஒரு ஜோடி, மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போகிறவளுக்கு ஒரு ஜோடி. கேட்டவர்களுக்கெல்லாம் வலியைச் சொல்லித்தான் கொடுத்தாள். யாரும் வேண்டாம் என்று திருப்பித் தரவில்லை.

செவத்தி வளர்ந்தாள். அப்பனைக் கொண்டு நல்ல உயரம். அந்தத் தூணில் கோடு இருந்திருந்தால் வெறுங்காலிலேயே தொட்டிருப்பாள். திருவிழா நெருங்கியபோது அவளும் கட்டைச் செருப்பு கேட்டாள். வேம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒனக்கு எதுக்குடி? ஒன் பேச்சைத்தான் எல்லாரும் கேக்குறாங்களே. அம்மா காலைப் பாக்கலியா நீ?"

"பாத்துக்கிட்டுத்தானே வளந்தேன்," என்றாள் செவத்தி. "ஒருத்தரும் எனக்காகத் திரும்ப வேண்டாம்மா. அதைப் போட்டு நடந்தா நான் வர்ற சத்தம் எனக்கே கேக்குது. அது நல்லா இருக்கு."

வேம்பி அரிவாளை எடுத்தாள். மகளுக்கென்று ஒரு ஜோடி செதுக்கினாள். அடித்தோலுக்கு உள்ளே பஞ்சு வைத்து மெத்தென்று தைத்தாள். அதுதான் அவளால் முடிந்தது. திருவிழா முடிந்து வந்து செவத்தி வாசலிலேயே அதைக் கழற்றிப் போட்டு, அப்பாடா என்று தரையில் கால் ஊன்றியபோது, சுடுதண்ணீரில் ஒரு பிடி உப்புப் போட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், பெண்கள் குதிகாலை உயர்த்திக்கொண்டு வெளியே கிளம்புவது. வலிக்காதா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் வலிக்கும் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே குனிந்து செருப்பின் வாரை மாட்டுகிறார்கள்.