பதினேழாம் நம்பருக்குப் போட்ட கட்டம்

"ஒரு கையெழுத்துப் போட இன்னும் என்ன மேடம் யோசனை?" என்றாள் செண்பகவல்லி.

நிலோபர் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாணவிக்கு நாற்பத்து மூன்று வயது. ஆசிரியைக்கு முப்பத்து நான்கு. கோவில்பட்டியில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, மலை மேலிருக்கும் இந்த வானாய்வு நிலையத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள் செண்பகவல்லி. மூத்தவள் மேடம் என்பாள், இளையவள் அக்கா என்பாள். அவர்களுக்குள் அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, இன்று வரைக்கும்.

மணி பன்னிரண்டரை. கீழே போகும் பஸ் இரண்டுக்கு. பல்கலைக்கழக அலுவலகத்தை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். இன்றைக்கு ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. ஆறு வருஷம் அம்போ.

"ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு மேடம். ரெண்டாம் தடவைக்கு எந்த கைடும் கையெழுத்துப் போட மாட்டாங்க. அவங்க பேருதான் கெட்டுப்போகும். எனக்கு இன்னிக்கு விட்டா நாதியில்ல."

"இந்தப் பதினேழாம் நம்பர்..." என்றாள் நிலோபர்.

"அதுதான் என் தீசிஸுக்கே உயிர்!"

உண்மைதான். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு கூட்டம். அதிலிருந்து அவள் எடுத்துக்கொண்டவை இருபது. கூட்டத்துக்குள் போய் மாட்டிய கேலக்ஸியில் புது நட்சத்திரம் பிறப்பது குறைந்து, கடைசியில் நின்றே போகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

பதினேழாம் நம்பர் மட்டும் அடங்கவில்லை. ஒரு பக்க விளிம்பு பூராவும் நீலமாக மின்னியது. நீலம் என்றால் இப்போதுதான் பிறந்த நட்சத்திரங்கள். கூட்டம் இதை வாழவைக்கிறது என்று எழுதிவிட்டாள் செண்பகவல்லி. சும்மா சொல்லக் கூடாது, அழகாகவே எழுதியிருந்தாள்.

"கேஸ் எங்கே அக்கா?"

நட்சத்திரம் வாயுவிலிருந்துதான் பிறக்கும். வாயு தீர்ந்தால் பிறப்பும் தீர்ந்தது. அது செண்பகவல்லிக்குத் தெரியாதா என்ன?

"எழுதியிருக்கேனே மேடம். இருபது பங்கு இருக்க வேண்டிய இடத்துல அஞ்சு இருக்கு. மீதியெல்லாம் நட்சத்திரமாயிடுச்சு."

"எத்தனை பங்கு நட்சத்திரமாச்சு?"

"ஒரு பங்கு," என்றாள் செண்பகவல்லி.

"மிச்சம் பதினாலு?"

"சூடாகிக் கரைஞ்சிருக்கும். எக்ஸாமினர் யாரும் இதையெல்லாம் தோண்ட மாட்டாங்க மேடம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முகம் சுண்டிப் போயிற்று.

நிலோபர் கோபப்படவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, ஃபைலைத் திறந்து ஒரு தாளின் அடிப்பாகத்தைக் காட்டினாள். வழிகாட்டிக்கான கட்டத்தில் பச்சை மையில் கையெழுத்து.

"போட்டாச்சு. கிளம்புங்க."

"அப்போ அந்தக் கேள்வி?"

"கேள்வி உங்களோடது. அதை நான் ஏன் வச்சுக்கணும்?"

செண்பகவல்லி ஃபைலை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆறு வருஷம் ஏங்கிய கையெழுத்து. சந்தோஷம் வர வேண்டாமா? வரவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மணி ஒன்று. பையெல்லாம் கட்டித் தயார். குடையை எடுக்கத்தான் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். போனவள் உட்கார்ந்துவிட்டாள்.

ரேடியோ தொலைநோக்கி எடுத்த வாயுப் படத்தைத் திறந்தாள். பதினேழைச் சுற்றி அவள் கையால் போட்ட கட்டம். அக்கம்பக்கத்துக் கேலக்ஸிகளின் சமிக்ஞை கலந்துவிடக் கூடாதென்று, நட்சத்திரங்கள் தெரிகிற இடத்தை ஒட்டி இறுக்கிப் போட்டிருந்தாள். கூட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. கட்டத்துக்குள் கிடைத்த வாயுவைத்தான் கணக்கில் எடுத்தாள்.

கட்டத்தை நாலு மடங்கு பெரிதாக்கினாள். இயந்திரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஐம்பது நிமிஷம் ஆகும் என்று காட்டியது.

இருபது சதவீதம். நாற்பது. நகத்தைக் கடித்தாள். அறுபத்தைந்தில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. தொண்ணூறில் எண் நகராமல் நின்றது.

"சனியனே, ஓடித் தொலையேன்!" என்று மேஜையைத் தட்டினாள்.

படம் வந்தது.

நீல விளிம்புக்கு நேரெதிர்ப் பக்கம், கட்டம் முன்பு முடிந்த இடத்திலிருந்து ஒரு வால் ஆரம்பித்தது. கேலக்ஸியைப்போல மூன்று மடங்கு நீளம். ஸ்கூட்டரில் போகிறவளின் முந்தானை காற்றில் பின்னால் பறக்குமே, அப்படி. அத்தனையும் வாயு.

அளந்து பார்த்தாள். பதிமூன்றரைப் பங்கு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பதினேழு அந்தக் கூட்டத்தில் குடியிருக்கவில்லை. அதற்குள் தலைதெறிக்கப் பாய்ந்துகொண்டிருந்தது. கேலக்ஸிகளுக்கு நடுவே நிறைந்திருக்கும் கொதிக்கும் வாயு முகத்தில் எதிர்க்காற்றாக அறைகிறது. அந்த நீல முன்விளிம்பு நசுங்கி, அவசர அவசரமாக நட்சத்திரங்களைப் பெற்றெடுக்கிறது. பின்பக்கமோ இருந்த வாயுவையெல்லாம் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறது.

"அய்யோ என் தங்கமே," என்றாள் திரையைப் பார்த்து. "நீ வாழலடி. உன்னை உரிச்சுக்கிட்டிருக்காங்கடி."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே மறுபடி ஹாரன். மணி இரண்டு.

ஒரு அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டால் தீரும் விஷயமா இது? மற்ற பத்தொன்பதுக்கும் இதே இறுக்கக் கட்டம்தான்.

ஓடினாள். பஸ்ஸுக்கு இல்லை. நிலோபரின் அறைக்கு ஓடி ஃபைலை மேஜை மேல் வைத்தாள்.

"குடுக்க மாட்டேன் மேடம். அது செத்துக்கிட்டிருக்கு. நான் வாழுதுன்னு எழுதி வச்சிருக்கேன். கேஸ் எல்லாம் கட்டத்துக்கு வெளியில கிடக்கு. கையெழுத்தை அடிச்சிடுங்க."

"பதிவு போயிடுமே அக்கா."

"போகட்டும். இத்தனை வருஷமும் போகட்டும். பொய்யைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு அப்புறம் என்ன மூஞ்சியோட பாடம் எடுப்பேன்?"

நிலோபர் ஃபைலைத் தொடவில்லை.

"நான் குடுத்த தாளைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. பச்சை மை."

"அதுக்கு மேல?"

செண்பகவல்லி விழித்தாள். ஃபைலைத் திறந்து தாளை முழுசாக வெளியே இழுத்தாள்.

அது ஆய்வேட்டுக்கான சான்றிதழ் இல்லை. மேலே கொட்டை எழுத்தில், 'ஆய்வுக் காலத்தை இரண்டாம் முறையாக ஆறு மாதம் நீட்டிக்கக் கோரும் விண்ணப்பம்' என்றிருந்தது. அவள் பெயர், பதிவு எண், எல்லாம் நிலோபரின் கையெழுத்தில். காரணம் எழுதும் இடம் மட்டும் காலி.

"மேடம், நான் இதைப் பாக்காமலே பஸ் ஏறியிருந்தா?"

நிலோபர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.

"ஏறலையே. டிரைவர் அண்ணனுக்கு ரெண்டாவது டீ சொல்லியிருக்கேன், அது முடியுறதுக்குள்ள ஓடுங்க. காரணத்தை பஸ்ல எழுதிக்கலாம்."