நாக்கு போகிற இடம்

மலையடிவாரத்தில் குளக்கரையை ஒட்டி ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சமாதி, அதுக்கு ஏறிப்போக நாலு படி, பின்னால் ஓட்டுச் சாய்ப்பு, ஒரு அடுக்களை, ஒரு கிணறு. அவ்வளவுதான்.

நடத்திவந்தது கோமதியம்மா. நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். அவரிடம் பாடம் கேட்க வந்து தங்கியவர் வெயிலுமுத்து. வடக்கே லாரி ஓட்டியே தலை நரைத்துப்போன மனுஷர். அவர் இவரை "அம்மா" என்பார். இவர் அவரை "அண்ணாச்சி" என்பார். புதுசாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடன் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

வெயிலுமுத்துக்கு ஒரு சொல் தைத்துப்போயிருந்தது. அவருடைய அம்மா செத்தபோது அவர் நாக்பூர் பக்கம் சரக்கோடு கிடந்தார். அடித்துப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் புகைதான் மிச்சம். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு தம்பி சொன்னான், "எரிஞ்சு முடிஞ்சப்புறம் வாய்க்கரிசி போட வந்துட்டாரு துரை."

அந்த நேரத்துக்கு இவருக்கு வாயில் பதில் வரவில்லை. அப்புறம்தான் வர ஆரம்பித்தது. குளிக்கும்போது வரும், சாப்பிடும்போது வரும், சாமி கும்பிடும்போதும் வரும். அடுக்களையில் சமைக்கிற மாடத்திக்கு அந்தக் கதை மனப்பாடம்.

"இன்னைக்குத் தம்பிக்கு என்ன பதில் சொன்னீய அண்ணாச்சி?" என்பாள் சோற்றை வடித்துக்கொண்டே. "நேத்து சொன்னதுதான் சூடா இருந்துச்சு. அதையே வச்சுக்கிடுங்க."

இவர் எழுந்து போய்விடுவார். போய், சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை எடுத்துக்கொள்வார்.

சமாதிப் படிக்குக் காவியும் சுண்ணாம்பும் மாறி மாறிப் பட்டை போடுவது மடத்து வழக்கம். வெள்ளிக்கிழமைதான் போடுவார்கள். வெயிலுமுத்து வந்தபின் அது தினப்படி ஆகிவிட்டது. விடியும்போதே சுண்ணாம்பை நீற்றிவைத்து, பட்டையின் மேலேயே பட்டையாக இழுத்துக்கொண்டிருப்பார். படி பளிச்சென்று கண்ணைப் பறிக்கும். வருகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

ஒருநாள் கோமதியம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வெயிலுமுத்து எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அந்தச் சொல்லை எப்படி மறக்கது?"

"கருவாயன் காலைப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"நான் சொல்லைப் பத்திக் கேட்டேன்."

"காதுல விழுந்துச்சு. காலைப் பாத்துட்டு வாங்க."

கருவாயன் மடத்து நாய். செவலை நிறம், வாய் மட்டும் கரி பூசினாற்போல இருக்கும். கிணற்றடியில் படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. சளப், சளப், சளப். விரல்களுக்கு மேலே முடி உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. வெயிலுமுத்துக்குப் பார்க்கவே உடம்பு கூசியது.

"ஏலே, விடு!" என்றார்.

நாய் நிறுத்தியது. அவர் முகத்தைப் பார்த்தது. மறுபடி நக்கியது.

அந்த நேரம் பார்த்துத் தளவாய் வந்தார். குருபூசைக்கு அரிசி பருப்பு சேகரிக்கிற ஊர்ப் பெரியவர் அவர்தான். நாயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னவே இது, சொறியா? நாலு ஊருச் சனம் வந்து இலை போட்டு உக்காருத இடம். குருபூசைக்குள்ள இது ஆறியிருக்கணும். இல்லைன்னா சாக்குல போட்டு மலைக்கு மேல கொண்டுபோய் விட்டுருவேன்."

"அங்க சிறுத்தை நடமாட்டம்லா அண்ணாச்சி?" என்றார் வெயிலுமுத்து.

"அதுக்கும் பசிக்கும்லா," என்று சொல்லிவிட்டுத் தளவாய் போய்விட்டார்.

வெயிலுமுத்து மடத்துக்கு வந்த முதல் நாள், முன்பின் தெரியாத அவர் காலடியில் வந்து படுத்தது அந்த நாய்தான். அவர் ஓடினார். மஞ்சளை அரைத்தார். வேப்பெண்ணெயில் குழைத்து அப்பினார். நாய் சுத்தமாக நக்கித் தின்றுவிட்டு, கசப்புக்கு நாக்கைச் சுழற்றியது. வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். பல்லால் அவிழ்த்துப்போட்டது. மறுபடி கட்டினார். கட்டின துணியோடு சேர்த்து நக்கியது. ஈரத்துணி ஒட்டிக்கொண்டு புண் இன்னும் பெரிதானது.

நாயைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தார். டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உண்ணி இல்லை. சொறியும் இல்லை. என்னமோ பட்டு எரிஞ்சிருக்கு. நாய் எங்க படுக்கும்?"

"மடத்துலதான் சார்."

"மடத்துல எங்க?"

வெயிலுமுத்துக்குத் தெரியவில்லை.

"களிம்பு தாரேன். ஆனா நக்க விட்டா மருந்து வயித்துக்குத்தான் போவும். என்ன படுதுன்னும் பாருங்க. அது தெரியாம இது ஆறாது."

திரும்பி வந்தவர் காதில் களிம்பு மட்டும்தான் நின்றது. ஓட்டை வாளி ஒன்றை அடியை அறுத்து நாயின் கழுத்தில் மாட்டினார். வாளிக்குள்ளிருந்து மூஞ்சியை நீட்டிக்கொண்டு கருவாயன் தூணில் முட்டியது, உரலில் முட்டியது, தளவாய் வைத்துவிட்டுப் போன அரிசி மூட்டையில் முட்டியது. மாடத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"நாய்க்கு மாலை போட்டாச்சு. இனி இருமுடி கட்ட வேண்டியதுதான் பாக்கி!"

புண் கொஞ்சம் காய்ந்தது. ஆனால் மத்தியானம் ஆனால் சிவப்பு புதுசாக ஏறியிருக்கும். நக்க முடியாத நாய், காலைத் தரையில் போட்டுத் தேய்த்தது. வெயிலுமுத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், நாயை வைதார். கடைசியில் கோமதியம்மா முன்னால் போய் நின்றார்.

"எல்லாம் செஞ்சு பாத்தாச்சும்மா. அதுக்குப் புத்தி இல்லை."

"டாக்டர் என்ன கேட்டாரு?"

"எங்க படுக்கும்னு கேட்டாரு."

"எங்க படுக்கும்?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு அதைத் தடுக்க வேண்டாம், வைய வேண்டாம். ஒரு வேலையும் செய்யாம சும்மா பாத்துக்கிட்டே இருங்க."

"சும்மா இருக்கதுதாம்மா எனக்கு வராது."

"அதுக்குத்தான் நாளைக்கு வரை நேரம் தந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எழுந்துபோனார்.

மறுநாள் விடிகாலையில் பட்டை போட்டு முடித்த கையோடு வெயிலுமுத்து வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். சும்மா இருந்ததும் தம்பி வந்துவிட்டான். 'துரை' என்றான். இவர் ஒரு பதில் சொன்னார். அது சரியில்லை என்று இன்னொன்று சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நாயைப் பார்த்தார்.

வெயில் ஏறியது. கருவாயன் கிணற்றடியிலிருந்து எழுந்தது. சாய்ப்புப் பக்கம் போய் முகர்ந்தது. பிடிக்கவில்லை. வாளி தட்டத் தட்ட நேராகச் சமாதிக்குப் போய் ரெண்டாம் படியில் ஏறியது. அங்கே சுண்ணாம்பு இன்னும் ஈரம் காயாமல் குளுகுளுவென்று இருந்தது. நாய் அதன்மேல் முன்னங்காலைத் தட்டையாக நீட்டி, சொகுசாகப் படுத்துக்கொண்டது.

வெயிலுமுத்து மெல்ல எழுந்து போனார். காலைத் தூக்கிப் பார்த்தார். புண் முழுக்க வெள்ளை. தன் கையைப் பார்த்தார். விரல் நுனி எல்லாம் வெடித்துத் தோல் உரிந்து கிடந்தது. எத்தனையோ நாளாக அப்படித்தான் கிடந்தது.

நாயைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தார். கோமதியம்மா உள்ளே இருந்தார்.

"சுண்ணாம்பும்மா."

"வெள்ளிக்கிழமைச் சுண்ணாம்பு இத்தனை நாளைக்கா ஈரமா இருக்கும்?"

"நான் தெனமும் போடுதேன்லா."

"எதுக்கு?"

"கை சும்மா இருந்தா அந்தச் சொல்லு வந்துருது. மட்டையைப் பிடிச்சிருந்தா கொஞ்ச நேரத்துக்கு வராது. அப்புறம் வரும். அப்புறம் இன்னொரு பட்டை."

கோமதியம்மா எழுந்தார். ஒரு செம்புத் தண்ணீரோடு வெளியே வந்து, நாயின் காலை மடியில் வைத்துக்கொண்டு கழுவினார். சுண்ணாம்பு போகிறவரைக்கும் ஊற்றினார். முந்தானையால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். களிம்பு தடவினார். அப்புறம் வெயிலுமுத்துவின் கையைப் பார்த்தார்.

"நீட்டுங்க."

"எனக்கு வேண்டாம்மா, இது மாட்டு மருந்து."

"சரி, தண்ணியாவது ஊத்துதேன்," என்று மிச்சத் தண்ணீரை அவர் விரலில் ஊற்றினார். எரிந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றே வெயிலுமுத்து படியைத் தேய்த்துக் கழுவினார். மட்டையைக் கொண்டுபோய் மாடத்தியிடம் கொடுத்துவிட்டார். புண் ஓரத்தில் ஆறத் தொடங்கியது. வாளி கழுத்தை அறுக்கிறதென்று அதையும் கழற்றிப் பார்த்தார். கழற்றின மறுநிமிஷம் நாய் தலையைக் குனிந்தது. சளப், சளப், சளப்.

அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. குருபூசைப் பந்தலுக்குக் கால் ஊன்ற ஆரம்பித்துவிட்டார்கள். தளவாய் வரும்போதெல்லாம் நாயைத்தான் முதலில் பார்த்தார்.

"அம்மா, சுண்ணாம்புதான் போயிட்டே! இன்னும் எதுக்கு நக்குது?"

"சுண்ணாம்பு போயிட்டுன்னு நாக்குக்கு யாரு போய்ச் சொல்லுவா?"

"அப்ப மறுபடியும் வாளியா?"

"ராத்திரிக்கு மாட்டுங்க. பகல்ல பக்கத்துல இருங்க. நாக்கு போகுதுன்னா வையாதீங்க. எந்திரிச்சு நடங்க. அது கூட வரும்."

"எங்க நடக்கது?"

"எங்கேயாவது. குளத்துல தண்ணி கிடக்கு, கரை கிடக்கு."

அப்புறம் அந்தக் குளக்கரையில் ஒரே நடைதான். நாய் தலையைக் குனியும், இவர் எழுந்துகொள்வார். நாய் காதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும். வந்து உட்கார்வார்கள். நாய் குனியும். மறுபடி நடை. புல் அறுக்கிற பெண்கள் கேலி பேசினார்கள்.

"லாரி இல்லைன்னு நாயை ஓட்டிட்டுத் திரியுதாரு பாரு."

நடக்கும்போது வெயிலுமுத்து நாயிடமே தம்பி கதையைத் தொடங்குவார். "நான் வந்து சேர்ந்தேனா, புகைதான் கிடந்துச்சு. கூட்டத்துல நின்னுக்கிட்டு அவன் என்ன சொன்னான் தெரியுமாலே..." அதற்குள் கருவாயன் ஒரு கொக்கைக் கண்டு பாயும். "ஏலே, சகதிலே, காலு!" என்று கத்திக்கொண்டு இவர் பின்னால் ஓடுவார். காலைக் கழுவி, துடைத்து, மருந்து போட்டு நிமிரும்போது கதை எதுவரை வந்தது என்று நினைவிருக்காது. முதலிலிருந்து தொடங்குவார். தொடங்கினால் கொக்கு இல்லாவிட்டால் ஓணான். கதை ஒருநாளும் தம்பி வாய் திறக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

குருபூசையன்று காலையில் தளவாய் வந்தார். பின்னால் ஒரு ஆள், கையில் சாக்கு.

"எங்கவே நாய்?"

கருவாயன் பந்தல் ஓரம் உட்கார்ந்திருந்தது. தளவாய் குனிந்து காலைப் பார்த்தார். ஈரம் இல்லை. பன்னீர் ரோசா நிறத்தில் புதுத்தோல் மூடியிருந்தது. முடி மட்டும் இல்லை.

"பாக்க ஆறினாப்புலதான் இருக்கு. நக்குதா?"

வெயிலுமுத்து வந்து நாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப அவ்வளவா இல்லை அண்ணாச்சி."

"அவ்வளவான்னா? பந்தியில வந்து உக்காந்து நக்குச்சுன்னா ஒரு பய இலையில கை வைக்க மாட்டான். பாத்துருவோம்."

தளவாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாக்கு வைத்திருந்தவன் பக்கத்தில் நின்றான். மாடத்தி அகப்பையோடு வெளியே வந்து நின்றாள். எல்லாரும் நாயைப் பார்த்தார்கள்.

நாய் ஒரு ஈயைக் கடிக்கப் பார்த்தது. கொட்டாவி விட்டது. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி, முன்னங்காலை நோக்கிக் குனிந்தது.

வெயிலுமுத்து எழுந்திருக்கப் போனார். கோமதியம்மா தூரத்தில் நின்று, வேண்டாம் என்று கையால் காட்டினார். அவர் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நாய் அந்த இடத்தை முகர்ந்தது. பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. மேளக்காரன் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. நாய் ஒரு பெருமூச்சு விட்டு, மோவாயைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது.

"சரி, கிடக்கட்டும்," என்றார் தளவாய். எழுந்து, சாக்குக்காரனிடம், "இதுல வெங்காயத்தை அள்ளிப் போட்டு அடுக்களைக்குக் கொண்டுபோ," என்றார்.

மாடத்தி உள்ளே போய் ஒரு கை வெறுஞ்சோற்றை எடுத்துவந்து நாய்க்கு வைத்தாள். சாமிக்குப் படைக்கும் முன்னால் வைத்ததை யாரும் கேட்கவில்லை.

பந்தி எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் கோமதியம்மா வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். வெயிலுமுத்து எதிரே வந்து உட்கார்ந்தார். கருவாயன் ரெண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. கிடந்தபடியே தலையைத் தூக்கிக் காலை ஒரு தரம் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தது.

வெயிலுமுத்து அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

"ஆறிப்போச்சும்மா. ஆனாலும் இது அந்த இடத்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குதே."

"பாக்கட்டும் அண்ணாச்சி," என்றார் கோமதியம்மா. "நாக்கு போகலையே."