பொருள் விளங்கிய உருண்டை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்கோட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் வேங்கைமாறன் என்கிற ராஜா. தங்கமான மனுஷன், வாய் மட்டும் மூடாது. குளிக்கும்போதும் பேசுவார், கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதும் பேசுவார். மனதில் ஓர் ஆசை முளைத்துவிட்டாலோ, மறுநாளே அது நடந்தாக வேண்டும்.

ஒருநாள் சபையில், "யானைக் கூட்டம் குட்டியோடு தண்ணீர் குடிப்பதைப் பார்க்கவேண்டும். மலைக்குப் போய்க் கூடாரம் அடித்து இருபது நாள் தங்கப்போகிறேன்" என்றார். "புகையைக் கண்டால் யானை வராதாம். அதனால் அங்கே அடுப்பே மூட்டக்கூடாது. வீட்டிலேயே செய்து, கெடாமல் வைத்துச் சாப்பிடுகிற பண்டம் வேண்டும். யார் கொண்டுவருகிறீர்கள்?"

மடைப்பள்ளி அதிகாரி குணசீலர் துள்ளி எழுந்தார். பெயரில்தான் குணம் எல்லாம். ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரியை 'அறவாழி, அறவாழி' என்று கூப்பிடுவதைக் கேட்டாலே இவருக்கு வயிறு எரியும்.

"நான் கொண்டுவருகிறேன் மகாராஜா. மந்திரியும் கொண்டுவரட்டும். யாருடைய பண்டம் தின்ன லாயக்கில்லை என்று தீர்ப்பாகிறதோ, அவர் ஒரு வருஷம் எல்லைக் கோட்டையில் தன்னந்தனியாகக் காவல் இருக்கட்டும்."

பந்தயம் என்றால் ராஜாவுக்குக் கேட்கவா வேண்டும். "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மந்திரி அறவாழி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் மனைவி பொன்னம்மையை விட்டு ஒரு மாதம்கூட அவர் பிரிந்திருந்ததில்லை. ஒரு வருஷம் எப்படி இருப்பது?

"இதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் பொன்னம்மை. பச்சைப்பயறையும் அரிசியையும் சிவக்க வறுத்துத் திரித்தாள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டாள். முற்றிய வெல்லப்பாகை ஊற்றி, கை பொறுக்காத சூட்டிலேயே உருண்டை பிடித்தாள். உள்ளங்கை சிவந்துபோயிற்று. அறவாழிக்குப் பார்க்கப் பொறுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார்.

"ஈரக்கை படாம எடுங்க, ரெண்டு மாசமானாலும் கெடாது" என்றாள் அவள். "இதைக் கடிக்கக்கூடாது, கன்னத்துல அதக்கிக்கணும். ராஜா எங்க கேக்கப்போறார்? பேசிக்கிட்டே கடிப்பார். அவர் வாயை மூடுற அன்னைக்குத்தான் இதோட அருமை தெரியும்."

மலையில் ஒரு மடுவின் கரையில் கூடாரம் போட்டார்கள். முதல் நாளே ராஜா ஓர் உருண்டையை எடுத்துப் பேச்சோடு பேச்சாகக் கடக்கென்று கடித்தார். கடைவாய்ப் பல் ஆடிப்போயிற்று.

"அறவாழி, இது பண்டமா, கூழாங்கல்லா? இதற்குப் பெயர் என்ன?"

"பொருள்விளங்கா உருண்டை, மகாராஜா. கொஞ்சம் அதக்கி..."

"எனக்கும் விளங்கவில்லை. எடுத்துக்கொண்டு போ."

குணசீலர் பால்கோவாத் தட்டை நீட்டினார். தேங்காய்ப் பூரணம் வைத்த சோமாசியும் வந்தது. ராஜா தின்றார், பேசினார், தின்றார், பேசினார். அவர் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. யானை எப்படி வரும்?

நாலாம் நாள் பால்கோவா புளித்தது. ஆறாம் நாள் சோமாசியில் பூஞ்சணம். அதற்குப் பிறகு ராஜா மலைவாழைப்பழத்தையும் தேனையும் வைத்துப் பொழுதை ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் குணசீலர் கைகட்டி நின்றார்.

"என் பண்டம் கெட்டது உண்மைதான் மகாராஜா. ஆனால் அஞ்சாறு நாளாவது தின்னும்படி இருந்தது. மந்திரியுடையதை மனிதன் தின்னவே முடியாது. கெடாமல் கிடப்பது கல்லுக்கு ஒரு பெருமையா?"

ராஜா கன்னத்தைத் தடவினார். அவருக்கே மனசில்லை. "நியாயமாகத்தான் படுகிறது, அறவாழி" என்றார் மெதுவாக.

ஆனால் அறவாழி ஒன்றைக் கவனித்துவைத்திருந்தார். உருண்டைப் பானையின் வாயில் கட்டிய துணி நாலு நாளாக வேறு முடிச்சில் இருந்தது. உருண்டையும் குறைந்துகொண்டே வந்தது. பசி பொறுக்காத குணசீலரோ பசி என்றே சொல்வதில்லை. மத்தியானமானால் பலாமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

"நாளை மத்தியானம் ஒரு சாட்சியைக் காட்டுகிறேன். அதுவரை பொறுங்கள்" என்று அறவாழி ராஜாவிடம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ராஜாவைப் பலாமரத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, "இப்போது குணசீலரைக் கூப்பிடுங்கள்" என்றார்.

"குணசீலரே, இங்கே வாரும்."

குணசீலர் திடுக்கிட்டு எழுந்து வந்தார். ஒரு கன்னம் பல்வலிக்காரனுக்குப் போலப் புடைத்திருந்தது. விழுங்கவும் முடியவில்லை, ராஜா முன்னால் துப்பவும் முடியவில்லை.

"மந்திரியின் உருண்டையை மனிதன் தின்ன முடியாது என்றீரே, இப்போதும் அதையே சொல்கிறீரா?"

"ழ்ழ... மழாழா... ழாழா."

"என்ன சொல்கிறீர்? பொருள் விளங்கவில்லையே."

"அவர் வாயில் இருப்பதும் அதேதான், மகாராஜா" என்றார் அறவாழி.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "திருடித் தின்கிற அளவுக்கா ருசி? கொடு பார்க்கலாம்" என்று ஒன்றை வாங்கி, இந்தத் தடவை சொன்னபடி கன்னத்தில் அதக்கிக்கொண்டார். வெல்லம் மெல்லக் கரைந்தது, பின்னாலேயே சுக்கின் காரம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. அறவாழியும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் கன்னம் புடைக்க உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்று நாளில் முதல் தடவையாக மலை அமைதியாக இருந்தது.

மூங்கில் சலசலத்தது. முதலில் ஒரு பெரிய பெண்யானை வந்தது, அதன் பின்னால் கூட்டம். நடுவில் ஒரு குட்டி, சேற்றில் சறுக்கி அப்படியே உட்கார்ந்துகொண்டது. தாய் அதைத் தும்பிக்கையால் தூக்கி நிறுத்தியது. ராஜா அறவாழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஊர் திரும்பியதும் ராஜா அரண்மனைக்குப் போகவில்லை, நேரே மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பொருள் விளங்கிவிட்டது, அம்மா" என்றார் பொன்னம்மையிடம். "குணசீலரைக் கோட்டைக்கு அனுப்பினால் அங்கே பொறாமைப்பட ஆள் இல்லாமல் ஏங்கிப்போவார். உங்களிடமே விடுகிறேன். அடுத்த பயணத்துக்கு உருண்டை பிடிக்கட்டும், கை பொறுக்காத சூட்டிலேயே."

குணசீலர் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னம்மை புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்படி இளைச்சு வந்திருக்கீங்களே. அங்க என்னை நினைச்சீங்களா, இல்லையா?"

அறவாழி பதில் சொல்லவில்லை. கண் மட்டும் சிரித்தது. கடைசி உருண்டை அவர் கன்னத்தில் இருந்தது.