மீட்டர் காட்டிக் கொடுத்தது

கரண்டைச் சிக்கனப்படுத்துகிறேன் என்று மில் முதலாளி தண்டாயுதம் வீட்டையே மாற்றிப்போட்டார். எல்இடி விளக்கு, புது ஃபிரிட்ஜ், எல்லாவற்றையும் செல்போனிலேயே அணைக்கிற சுவிட்சுகள். அப்படியும் பில் எகிறியது. வந்ததே கோபம்!

"நீதான் எதையோ ஓடவிடறே! எதுன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லாட்டி நடையைக் கட்டு!" என்று சமையல்காரி செவந்தி மேல் பாய்ந்தார்.

"காட்டறேனுங்க. அம்மாவும் கூட இருக்கட்டுமுங்க," என்றாள் செவந்தி. முதலாளியின் மனைவி கோமளம் வந்து நின்றார். "இப்ப உங்க செல்போன்லயே எல்லாத்தையும் ஒருக்கா அணைச்சுப்போடுங்க."

அணைத்தார். வீடே அடங்கியது. ஆனால் கரண்ட் ஓடுவதைக் காட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டியது! அந்த நிசப்தத்தில், முதலாளியின் பூட்டிய ஆபீஸ் அறைக்குள் ஏதோ உர்ரென்று உறுமியது.

"சாவியைக் கொடுங்க," என்றார் கோமளம். தண்டாயுதம் வேண்டாவெறுப்பாய் எடுத்துக் கொடுத்தார்.

கதவைத் திறந்தால், காயலான் கடைக்குப் போட்டாச்சு என்று அவர் சொன்ன பழைய ஃபிரிட்ஜ், செல்போன் சுவிட்சில் சேராத தனி ப்ளக்கில்! உள்ளே அடுக்கடுக்காய் ரசமலாய். தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற மனுஷன்!

செவந்தி குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"இனிமே பில்லும் குறையுமுங்க. ஐயாவுக்குச் சுகரும் குறையுமுங்க."