கணினி சொன்ன மருந்தளவு

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்தாறு. ஆனைகட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற அந்தத் துப்பாக்கி சுடும் கழகத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

குருவின் பெயர் துளசிமணி. பல வருடம் போட்டிகளில் சுட்டவர், இப்போது கற்றுக்கொடுக்கிறார். சீடர் நாச்சிமுத்து, பம்பு கம்பெனியில் வடிவமைப்பு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவை அம்மிணி என்பார். குரு சீடரை அய்யா என்பார்.

கழகத்துக்கு உரிமம் இருந்ததால் அங்கே போட்டிக்கான தோட்டாக்களைத் தாங்களே அடைத்துக்கொள்வார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அடியில் தீப்பொறி கொடுக்கிற புது பிரைமரைப் பதித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டைச் செருகுவது. பொறுமைசாலிகளுக்கு இது ஒரு சுகம். மற்றவர்களுக்கு அந்த அறையில் வேலையில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மருந்தளவு புதிதென்றால் கீழிருந்து படிப்படியாக ஏற வேண்டும். சுட்ட கூடுகளைத் தரையில் போடாமல், மேசைமேல் இருக்கும் பலகையில் வரிசையாக நிறுத்த வேண்டும். துளசிமணி ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் அழுத்தம் மிஞ்சிய தடம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, ஏறலாம் என்றோ போதும் என்றோ சொல்வார். எவ்வளவு பெரிய சூரனானாலும் இதில் சலுகை கிடையாது.

துளசிமணி வெளியூர் போய்த் திரும்பிய அன்று, நாச்சிமுத்து ஒரு மடிக்கணினியோடும் ஒரு பெட்டி நிறையத் தோட்டாக்களோடும் வந்து நின்றார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"ஞாயித்துக்கிழமைக்கு எல்லாம் தயாருங்கம்மிணி."

ஞாயிற்றுக்கிழமை மூத்தோர் அணிக்கான தேர்வு. போன வருடம் ஒரே ஓர் இட வித்தியாசத்தில் தவறவிட்டிருந்தார். காற்று குண்டைத் தள்ளிவிட்டது என்பது அவர் கட்சி. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. இந்த முறை விட்டால் விட்டதுதான் என்று மனதுக்குள் ஒரு பயம் அவருக்கு.

"படி ஏறுனீங்களா?" என்று கேட்டார் துளசிமணி.

"அதுக்கு அவசியமே இல்லீங்க. இதுக்குன்னே ஒரு மென்பொருள் வாங்கியிருக்கேன். குழல் நீளம், குண்டு எடை, மருந்துப் பேரு எல்லாம் போட்டா உள்ளுக்குள்ள அழுத்தம் எவ்வளவு, குண்டு போற வேகம் எவ்வளவுன்னு சொல்லிப்போடுது. இங்க பாருங்க, பட்டை பச்சையா இருக்குது. செவப்பானாத்தான் ஆபத்து."

துளசிமணி திரையை உற்றுப் பார்த்தார். பட்டை பச்சையாகத்தான் இருந்தது.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கம்மிணி. கம்ப்யூட்டரே சொல்றப்ப நாம எதுக்குங்க கீழிருந்து ஏறோணும்?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். துளசிமணி அப்படிப் பேசுகிறவர் இல்லை. நாச்சிமுத்துவின் வெறுங்கூடு ஒன்றையும், ஒரு டம்ளர் தண்ணீரையும், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற குழாய் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைத் தளும்பத் தளும்ப நிறைங்க."

நாச்சிமுத்து நிறைத்தார்.

"நிறுத்துப் பாருங்க. காலிக் கூட்டோட எடையைக் கழிச்சா தண்ணியோட எடை."

நிறுத்தார். கழித்தார்.

"உங்க கம்ப்யூட்டர்ல எவ்வளவு தண்ணி புடிக்கும்னு இருக்குது?"

"அது தானாப் போட்டுக்கிட்டதுங்க."

"சரிங்க, எவ்வளவு?"

திரையில் இருந்ததைவிடக் கூட்டில் பிடித்த தண்ணீர் குறைவு. இன்ஜினியருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கூடுகள் தடித்த பித்தளை. உள்ளே இடம் குறைவு. அதே மருந்து சின்ன இடத்தில் எரிந்தால் அழுத்தம் எகிறும். எண்ணைத் திருத்தினார். பட்டை மஞ்சளானது.

துளசிமணி தோட்டாப் பெட்டியின்மேல் கையை வைத்தார்.

"சுடுதுங்களே."

"காருக்குள்ள இருந்துச்சுங்க."

"கம்ப்யூட்டர்ல எத்தனை டிகிரின்னு இருக்குதுங்க?"

மென்பொருளை எழுதியவர் ஏதோ குளிர் தேசத்துக்காரர். நம் ஊர் மார்கழி அதிகாலைகூட அவருக்குக் கோடையாகத் தெரியும் போலிருக்கிறது. நாச்சிமுத்து அன்றைய வெயிலைப் போட்டார். மருந்து சூடேறினால் அழுத்தமும் ஏறும். பட்டை சிவந்தது.

அவர் பெட்டியை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அந்தத் தோட்டாக்களைத் துப்பாக்கியில் போட்டு, கட்டையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு சுடவிருந்தவர் அவர். ஆனால் மனிதர் லேசில் சோர்கிற ரகம் இல்லை.

"பாத்தீங்களா அம்மிணி, நாம உண்மையைச் சொன்னா அதுவும் உண்மையைச் சொல்லுது. தப்பு என்மேலதான்."

"நியாயந்தானுங்க. இப்ப எவ்வளவு போடச் சொல்லுது?"

புதுக் கணக்கு வந்தது. முன்பைவிடக் குறைந்த அளவு. பட்டை மறுபடி பச்சையானது.

"அதுக்கு ரொம்பக் கீழிருந்து ஏறிட்டு வாங்க."

அன்று முழுக்க இருவருக்கும் அதுவே வேலை. படிக்குச் சில தோட்டாக்கள் அடைப்பது, சுடுவது, கூட்டைப் பலகையில் நிறுத்துவது. முதல் இரண்டு படிகளில் குண்டுகள் சிதறி விழுந்தன. மூன்றாவது படியில் இலக்குக் காகிதத்தில் எல்லா ஓட்டைகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் மூடிவிடும்.

துளசிமணி இலக்கைப் பார்க்கிற தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். "இது போதுங்கய்யா."

"வேகம் பத்தாதுங்களே. போன வருசம் காத்துல மாட்டுனது மறந்துபோச்சா? இன்னும் ரெண்டு படிக்கு மேலயும் பச்சைதான்."

"காகிதம் வேகத்தைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

"ஒரே ஒரு படிங்கம்மிணி."

துளசிமணி பலகையில் இருந்த கூடுகளை நகத்தால் தடவினார். குறை ஒன்றும் தெரியவில்லை. "ஏறுங்க" என்றார்.

நாச்சிமுத்து சுட்டார். குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைத் தூக்கினார், வரவில்லை. மறுபடி தூக்கினார். கடைசியில் உள்ளங்கையால் ஒரு குத்து விட்டபிறகுதான் திறந்தது. வெளியே வந்த கூட்டின் அடியில், பித்தளை நசுங்கிப் பளபளவென்று ஒரு தடம். அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பச்சை.

துளசிமணி துப்பாக்கியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"ஏனுங்கம்மிணி இப்படி? எல்லாந்தான் சரியாப் போட்டேனே?"

"பம்புக்குக் கணக்குப் போட்டு முடிச்சதும் லாரியில ஏத்தி அனுப்பீருவீங்களா?"

"அதெப்படிங்க? மேடையில தண்ணி விட்டு ஓட்டிப் பாக்காம ஒண்ணுகூடக் கேட்டைத் தாண்டாது. வார்ப்புக்கு வார்ப்பு மாறுமில்ல. கணக்குல வராத..."

பாதியில் நின்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். துளசிமணிக்கும் சிரிப்பு வந்தது. முப்பது வருடம் அடுத்தவர்களிடம் கறாராக இருந்தவர், தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற ஒன்றில் இப்படி ஏமாந்தாரே என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று பதற வேண்டாம். மூன்றாம் படி மருந்தோடு போனார். காற்று அன்றும் அடித்தது, அவரும் கொஞ்சம் தடுமாறினார், ஆனாலும் அணியில் கடைசி இடம் அவருக்குக் கிடைத்தது. கடைசி இடத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரைக் கழகத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அது பிறகு. அன்று சாயங்காலம் இருவரும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து, அவர் பெட்டியில் அடைத்துவைத்திருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குண்டு ஒரு கிண்ணத்தில், மருந்து ஒரு தட்டில். மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நாச்சிமுத்துவுக்கு மனசு லேசாக இருந்தது. கூடவே அந்தப் பச்சைப் பட்டை உறுத்திக்கொண்டும் இருந்தது.

"எனக்கு இன்னும் மனசு ஆற மாட்டேங்குதுங்கம்மிணி. அந்த நாலாம் படித் தோட்டாவுக்கு இப்பவும் பச்சைதான் காட்டுது."

"போல்ட்டை எப்படித் தொறந்தீங்க?"

"உள்ளங்கையில குத்தித்தான்."

"அதுக்கு முந்தின படியில?"

"ரெண்டு வெரல்ல தூக்குனா வந்துச்சு."

"அதைக் கம்ப்யூட்டர்ல போட்டீங்களா?"

நாச்சிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை இழுத்தார். கண்ணாடியை மாட்டினார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். குழல், குண்டு, கூடு, மருந்து, வெயில். அடுத்த பக்கத்துக்குப் போனார். திரும்பி வந்தார். துளசிமணி அவசரப்படுத்தவில்லை, தன் பங்குக்கு இன்னொரு தோட்டாவைப் பிரித்தார்.

"அதைப் போடறதுக்கு ஒரு எடமே இல்லீங்களே அம்மிணி."

"அந்த எடத்துக்குத்தானுங்கய்யா நீங்க இருக்கீங்க."