மைத்துனர் உடைத்த மண் தட்டு

கருவேலங்கோட்டை ராஜா துரைசிங்கத்தின் மைத்துனர் ராஜமார்த்தாண்டம். லண்டன் போய்த் திரும்பியதிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் படவில்லை. அரண்மனை மைதானத்தில் இடமும் வலமுமாக இரண்டு கூண்டு கட்டினார். உள்ளிருக்கும் பொறி மண் தட்டை வீசும். அது குறுக்கே பறக்கும். ஐயா டுமீல் என்று உடைப்பார். ‘ஸ்கீட்’ என்று பெயராம். நிற்கும் இடம் மாறினாலும் தட்டு வருவது எப்போதும் ஒரே வழி. அதற்கே மீசை முறுக்கல் தாங்கவில்லை.

“எல்லைக் காவலுக்கு என்னைத் தளபதியாக்குங்க அத்தான்” என்று அடம் பிடித்தார்.

எல்லையில் கொள்ளைக்காரர்கள் ஊர் ஊராகச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். மந்திரி வேதகிரிக்குப் பொறுக்கவில்லை. இந்த ஆளை நம்பியா ஜனங்கள் தூங்குவது?

“இந்த ஸ்கீட் ஒரு வித்தையே இல்லை, மகாராஜா” என்றார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. “அப்படியா? நாளைக்கு நீர் உடைத்துக் காட்டும். முடியாவிட்டால் ஊரைவிட்டே போய்விடும்!”

வேதகிரி துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. மறுநாள் ஒரு கம்பத்தை நட்டு, இரண்டு பக்கத்துத் தட்டும் வழக்கமாகக் கடக்கிற இடத்தைப் பார்த்துத் துப்பாக்கியை அதில் இறுக்கிக் கட்டினார். தட்டு அங்கே வந்ததும் விசையில் கட்டிய கயிற்றை இழுத்தார். தூள்! அடுத்த கூண்டுத் தட்டும் தூள்!

“இது ஏமாற்று!” என்று குதித்தார் மைத்துனர்.

வேதகிரி ஒரு கூண்டை எதிரே நகர்த்தி வைத்தார். “சரி, நீங்கள் ‘டிராப்’ என்ற ஆட்டம் ஆடுங்கள். எதிரே ஒரே கூண்டு. தட்டு நம்மைவிட்டு விலகி ஓடும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது.”

மைத்துனர் சுட்டார். தட்டு இடப்பக்கம் போனது, குண்டு வலப்பக்கம் போனது. மறுபடி சுட்டார். தட்டு முழுசாகப் புல்லில் விழுந்தது. “காற்று சரியில்லை” என்று முனகினார்.

“கொள்ளைக்காரன் மட்டும் ஓடும் பக்கத்தைச் சொல்லி அனுப்புவானா, மகாராஜா?”

ராஜா தலையைச் சொறிந்தார். “ஸ்கீட்டில் குறி தப்பாதவருக்கே பதவி என்று ராணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே!”

“தாராளமாகக் கொடுங்கள். இந்தக் கம்பத்துக்கு ஒரு குறியும் தப்பவில்லை. வீண் பேச்சு பேசாது. முக்கியமாக, அது ராணியம்மாவுக்குத் தம்பியும் இல்லை!”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தளபதிப் பேச்சு அன்றோடு ஓய்ந்தது. வேதகிரியின் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.